கேஸ் போட்டார்கள், லீக்கைப் பார்க்கவில்லை

ஏசி கூலிங் குறைந்தால் நம் பக்கம் எந்த மெக்கானிக் வந்தாலும் முதலில் சொல்வது ‘கேஸ் கம்மியா இருக்கு’. சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதிதான். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை. அந்த ஓட்டையைத் தேடுகிற ஒரு ஆளை வரவழைப்பதற்குள் எனக்குக் கத்திரி வெயிலே முடிந்துவிட்டது.

வீடு கிருமாம்பாக்கத்தில். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட். ஃபில்டரைக் கழுவிப் பார்த்தேன், ரிமோட்டில் மோடு பார்த்தேன், வோல்டேஜும் சரியாகவே இருந்தது. ஆனால் அவுட்டோரில் மெல்லிய குழாய் சேருகிற நட்டின் மேல் வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்தது. இண்டோர் காயிலில், அதாவது கேஸ் ஓடும் வளைந்த குழாய்களில், ஒரு ஓரத்தில் மட்டும் ஐஸ், மற்ற இடமெல்லாம் வெதுவெதுப்பு. ஆஃப் செய்தால் அது உருகிச் சுவரில் வழியும்.

கடைக்காரர் அனுப்பிய தம்பி, தண்ணீர் வழிவதைப் பார்த்ததும் தண்ணீர் வெளியேறும் ட்ரெயின் பைப்பில் அடைப்பு என்று ஊதிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். ஐஸைக் காட்டினேன். சரி, கேஸ் கம்மி என்றார். லீக் பார்க்கலையா என்று கேட்டதற்கு, “இதெல்லாம் நார்மல் அக்கா, வருஷா வருஷம் போட வேண்டியதுதான்” என்றார். 2,500 ரூபாய். பில் கேட்டால் ‘அப்புறம் வாட்ஸப்ல அனுப்புறேன்’. அனுப்பவே இல்லை. கொஞ்ச நாள் நன்றாகக் குளிர்ந்தது, அப்புறம் பழையபடி அதே நட்டில் அதே ஐஸ்.

வாரண்டி அட்டையைத் தேடி எடுத்தேன். கண்டன்சர் காயிலுக்கு, அதாவது அவுட்டோரில் இருக்கும் காயிலுக்கு, 5 வருடம் என்று அச்சிட்டிருந்தது, காலம் இன்னும் மீதி இருந்தது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. நாங்கள் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து, புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஆனால் பின்கோடு கடலூர் பக்கத்து 607ல் தொடங்கும். கம்ப்யூட்டர் புகாரைக் கடலூருக்கு அனுப்பியது. கடலூர் சென்டர், ‘அது பாண்டிச்சேரி மேடம், எங்க ஏரியா இல்லை’ என்றது. பாண்டிச்சேரி சென்டரில் ‘உங்க பின்கோடு எங்க லிஸ்ட்லயே இல்லையே’ என்றார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ் ரோட்டில்தான் வீடு இருக்கிறது, ஆனால் யார் லிஸ்டிலும் இல்லை.

இதற்கிடையில் ஒரு போன். “மேடம், உங்க கம்ப்ளைண்ட் விஷயமா ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.” ஆளே வரவில்லை, ஓடிபி எதற்கு? மெசேஜைத் திறந்து முழுசாகப் படித்தேன். வேலை திருப்தியாக முடிந்த பிறகு மட்டும் தரவும் என்று அதிலேயே போட்டிருந்தது. “வந்து முடிச்சுட்டு வாங்கிக்கோங்க தம்பி” என்று வைத்துவிட்டேன். அதைச் சொல்லியிருந்தால் என் புகார் ‘தீர்க்கப்பட்டது’ கணக்கில் போயிருக்கும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது. புகார் எண், வாங்கிய பில், வாரண்டி அட்டைப் படம், அந்த ஓடிபி மெசேஜ் எல்லாம் கொடுத்துப் பதிவு செய்தேன். அதன் பிறகு கம்பெனியிலிருந்தே கூப்பிட்டார்கள். பின்கோடு பேச்சே எழவில்லை.

வந்தவர் கொஞ்சம் வயதானவர், வேலை தெரிந்தவர். அவுட்டோரின் பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்ததும், காயில் வளைவு ஒன்றில் எண்ணெய்ப் பசையோடு தூசி அப்பியிருந்தது தெரிந்தது. கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சுற்றும், லீக்காகும் இடத்தில் அதுவும் கசியும் என்றார். நைட்ரஜன் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினார். அந்த வளைவின் பற்றவைப்பில் சின்னச் சின்னதாகக் குமிழி கிளம்பிக்கொண்டே இருந்தது. நான் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

“உப்புக் காத்தும்மா, துருவுக்கு வாரண்டி தர மாட்டாங்க” என்று ஆரம்பித்தார். உப்புக் காற்று அலுமினியத் தகடுகளைத் தின்பது உண்மைதான், ஆனால் இங்கே தகடு நன்றாகவே இருக்கிறது, ஓட்டை பற்றவைப்பில் என்று குமிழியைக் காட்டினேன். சிரித்துவிட்டு, அந்தப் போட்டோவை ஆபீசுக்கு அனுப்பச் சொன்னார். புதுக் காயில் வந்தது, இலவசம். கேஸுக்கும் கூலிக்கும் காசு வாங்கினார்கள், இந்த முறை பில்லோடு.

கேஸ் ஏற்றும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். முதலில் வேக்கம் பம்பு போட்டுக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். கொஞ்சம் கேஸைத் திறந்து விட்டு ‘காத்து போயிடுச்சு’ என்பவரை நிறுத்துங்கள். அடுத்து, அவுட்டோர் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கும், தராசில் சிலிண்டரை வைத்து அந்த அளவே ஏற்றச் சொல்லுங்கள். இப்போதைய ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32 என்ற கேஸ். அது தீப்பற்றக்கூடியது, உள்ளே கேஸ் இருக்கும்போது குழாயில் வெல்டிங் வைக்க விடவே கூடாது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டு ஏசி இன்வெர்ட்டர் இல்லாத பழசு. ஃபேன் சுற்றும், கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்றுவிடும். கம்ப்ரசர் போச்சு என்று ஒருவர் விலையே பேசிவிட்டார். கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டரை மாற்றியதும் ஓடியது, சில நூறு ரூபாயில். அதை நாமே தொடக்கூடாது, மெயினை அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும்.

அவுட்டோரை இப்போது மாதா மாதம், மெயினை அணைத்துவிட்டு, மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறேன். போர் தண்ணீர் வேண்டாம், எங்கள் பக்கம் அதுவே உப்பு. கொம்யூன் குழாய்த் தண்ணீர்தான். ஸ்டாண்டு போல்ட் இரண்டு துருப்பிடித்திருக்கிறது, மழைக்கு முன் மாற்ற வேண்டும். முதல் தம்பியின் 2,500 ரூபாய் பில் இன்னும் வரவில்லை.