குன்னூரில் வாடகைக்கு வீடு பிடித்த அனுபவம்

கோவையை விட்டுக் குன்னூருக்குக் குடிபோவது என்று முடிவானதும் அம்மாவும் நானும் வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான். எங்களிடம் வண்டி கிடையாது; ஆகவே பால், காய்கறி, மருந்துக் கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் நடந்து போகும்படி இருக்க வேண்டும். குன்னூரின் மேல்பகுதியான பெட்போர்டைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு எங்களை இழுத்தது அதுதான். பேக்கரியும் காப்பிக் கடையும் பக்கத்திலேயே இருக்கின்றன. காலை நடைக்கு 1874இல் உருவான சிம்ஸ் பூங்கா இருக்கிறது.

அந்த வசதியை மற்றவர்களும் அறிந்திருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல். மலைப்பகுதிக் கட்டடக் கட்டுப்பாடுகளால் புது வீடுகள் எளிதில் எழும்புவதில்லை. இருக்கிற நல்ல வீடுகளிலும் பலவற்றைச் சுற்றுலா வருவோருக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மாத வாடகைக்கு வீடு கேட்டால் புரோக்கர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால் ஐப்பசி மழையில் தேடுவது என்று தீர்மானித்தோம். இதே நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்; குன்னூருக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். வெளியூர் கார்களுக்கு இ-பாஸ் என்ற இணையவழி நுழைவு அனுமதி கேட்கும் நடைமுறை 2024 மே மாதத்திலிருந்து இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து அரசு பஸ்ஸில் ஏறினால் அந்தக் கவலையும் இல்லை.

சமவெளியில் ‘பத்து நிமிட நடை’ என்றால் போகவும் வரவும் பத்து நிமிடம். இங்கே அப்படியில்லை. சந்தையும் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் கீழே, பெட்போர்டு மேலே. எனவே ஒவ்வொரு வீட்டையும் பார்ப்பதற்கு முன்னால் சந்தையில் காய்கறி வாங்கிப் பையைத் தூக்கிக்கொண்டே ஏறிப் போனோம். முழங்கால் வலியுள்ள அம்மா எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார் என்று பார்த்துக்கொள்வேன். சாலையிலிருந்து வாசல் வரை செங்குத்தாகப் படிகள் உள்ள, பார்க்க மிக அழகான ஒரு வீட்டை அம்மா பாதிப் படியிலேயே வேண்டாம் என்றுவிட்டார். வீட்டுக்காரர் சொல்லும் தூரத்தைவிடச் சுமையோடு ஏறும் கால் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்தது ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். மலையை வெட்டிக் கட்டிய வீட்டில் பின்சுவர் மண்ணை ஒட்டியே நிற்கும். புதிதாக வெள்ளையடித்த ஒரு வீட்டில், பின்னறைச் சுவர் அலமாரியைத் திறந்து உட்புறத்தில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று ஈரம் ஒட்டியது. கீழ்த்தட்டில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு பொரிப்பொரியாக உதிர்ந்து கிடந்தது. மூலையில் யாரோ விட்டுப்போன தோல் செருப்பு பச்சைப் பூசணம் பிடித்திருந்தது. கோடையில் பார்த்திருந்தால் வெள்ளைச் சுவர்தான் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு மேலே உள்ள தடுப்புச் சுவரையும் பார்க்காமல் வரக் கூடாது. அதில் தண்ணீர் வெளியேறக் குழாய்த் துளைகள் விட்டிருப்பார்கள். மழை நேரத்தில் அவற்றிலிருந்து நீர் வடிந்தால் நல்லது. ஊரே நனைந்து கிடக்கும்போது துளை அடைத்துக்கொண்டு, சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தால், பின்னால் மண் நீரைக் குடித்து அழுத்துகிறது என்று பொருள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் மண்சரிவுகளில் உயிரிழந்தார்கள். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அப்படிப்பட்ட சுவருக்குக் கீழே அம்மாவைத் தூங்க வைக்க எனக்கு மனமில்லை.

கடைசியில் அமைந்தது சாலை மட்டத்திலேயே வாசலுள்ள பழைய ஓட்டு வீடு. காலை வெயில் முன்னறை வரை வரும். உரிமையாளர் பக்கத்திலேயே குடியிருக்கும், நீலகிரியின் படுக சமூகத்து மூதாட்டி. தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், தொட்டி எவ்வளவு கொள்ளும் என்று கேட்டதும், “நீயே ஏறிப் பார்த்துக்கோ கண்ணு” என்று ஏணியைக் காட்டினார். தனி மின்மீட்டர் இருந்தது பெரிய நிம்மதி. குளிருக்குக் கீசர் ஓடாமல் முடியாது. சொந்த மீட்டர் இருந்தால்தான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம் நமக்கு நேராகக் கிடைக்கும்.

வேறோர் இடத்தில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘ஒப்பந்தம்’ என்ற வார்த்தையை வைத்துத்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள். ஆகவே கையெழுத்திடுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். எங்கள் வீட்டுக்கார அம்மையாரிடம் மூன்று மாதம் என்று சொன்னேன். “அது போதும்” என்றார், யோசிக்கவேயில்லை.

எழுத்து வடிவ ஒப்பந்தம் சட்டப்படி கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றபோதுதான் அவர் தயங்கினார். இதுவரை பதினொரு மாதப் பத்திரம் எழுதிப் பெட்டியில் வைப்பதே அவர் வழக்கம். பதிவு எண் கிடைத்தால் பின்னாளில் எந்தத் தகராறு வந்தாலும் இருவரும் அந்தப் பத்திரத்தைக் காட்டி முறையிட முடியும், அது அவருக்கும் காவல்தான் என்று விளக்கினேன். அவர் பேரன் அரசின் இணையதளத்தில் இரு தரப்பு விவரங்களையும் ஏற்ற உதவினான். அறை அறையாகப் படம் எடுத்து, குளியலறையில் ஏற்கெனவே இருந்த விரிசல் உட்பட எல்லாவற்றையும் பத்திரத்தோடு இணைத்தோம்.

ஒப்பந்தத்தில் வீட்டுக்கார அம்மையார் தம் பங்குக்குச் சேர்க்கச் சொன்னது ஒரே ஒரு வரி: ஈரக் குப்பையை இரவில் வெளியே வைக்கக் கூடாது. அந்தத் தெருவுக்குக் கரடி வரும். பத்திரம் எழுதியவர் சிரித்தார். நான் அந்த வரியை அப்படியே எழுதச் சொன்னேன்.