எதுவும் நடக்காத பீட்

‘பெரும் விபத்தைத் தடுத்த ஊழியர்’ என்று பேப்பரில் படம் வந்தால், இந்த மனிதர் முந்தின நாள் என்ன செய்துகொண்டிருந்தார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்த பழக்கம் அது. பெரும்பாலும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்திருப்பார். அன்றைக்கு யாரும் படம் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பிரிவில் கீமேன் என்று ஒரு வேலை. காகிதத்தில் இப்போது டிராக் மெயின்டெய்னர் என்று எழுதுகிறார்கள், லைனில் இன்னமும் கீமேன்தான். சுத்தியல், ஸ்பேனர், கொடிகள், டெட்டனேட்டர் டப்பா எல்லாவற்றையும் சுமந்துகொண்டு தன் பொறுப்பில் விட்ட தண்டவாளத் தூரம், அதாவது பீட், முழுக்கப் போகும்போது ஒரு பக்கத் தண்டவாளத்தையும் திரும்பும்போது மறு பக்கத்தையும் பார்த்தபடி நடக்க வேண்டும். தண்டவாளத்தை அடிக்கட்டையான ஸ்லீப்பரோடு பிடித்திருக்கும் கிளிப் கழன்றிருந்தால் அடித்து ஏற்றுவார், தளர்ந்த போல்ட்டை முடுக்குவார். ஜல்லிமேல் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் ஒரு பக்கம் சாயும். மறுநாளும் அதே கிளிப்புகள், அதே ஜல்லி.

மார்கழி, தை விடியற்காலைதான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும் நேரம். நீளமாக வெல்டு போட்டு ஸ்லீப்பரோடு இறுக்கிப் பிடித்த தண்டவாளம் குளிரில் சுருங்கப் பார்க்கும், சுருங்க இடம் கிடையாது, உள்ளுக்குள் இழுவிசை ஏறிக்கொண்டே போகும், வெல்டில் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத குறை ஏதாவது இருந்தால் அந்த இடத்தில் விட்டுவிடும். அது யாரும் செய்த தப்பு இல்லை, இரும்பின் குணம்.

அப்படி ஒரு தை மாதக் காலையில் எங்கள் செக்‌ஷன் கீமேன் ஒருவர் வெல்டு விட்டிருந்ததைப் பார்த்துவிட்டார். கட்டைவிரல் நுழைகிற இடைவெளி. அகலப் பாதையில் இதற்கு ரூல் இருக்கிறது: உடைந்த இடத்திலிருந்து 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூன்று. தண்டவாளத்தின் தலையில் வைத்துப் பட்டையை மடக்கிவிட்டால் சக்கரம் ஏறும்போது வெடிக்கும், அந்தச் சத்தத்தில் டிரைவர் பிரேக் போடுவார். எங்கள் கீமேன் ஐம்பதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். சிவப்புக் கொடியை விரித்துப் பிடித்தபடி வண்டி வரும் திசையைப் பார்த்து அந்த ஜல்லியில் ஓடியிருக்கிறார். வண்டி நின்றது.

நான் போய்ச் சேர்ந்தபோது சட்டை நனைந்து நின்றுகொண்டிருந்தார். பாராட்ட வாயெடுத்தேன், அதற்குள் அவரே, “சார், பீட்டு இன்னும் பாதி கெடக்கு. இங்கதான் ஆள் வந்தாச்சே, நான் கெளம்பட்டுமா?” என்றார். “இருங்கண்ணே, தண்ணியாவது குடிங்க” என்று பிடித்து உட்கார வைத்தோம். உடைந்த இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஃபிஷ் பிளேட் வைத்து கிளாம்ப் போட்டு வண்டியை ஊர்ந்து போக விட்டபோது, ஜன்னலோரம் இருந்த ஒருவர் எங்களைப் பார்த்து, “காலங்காத்தால லேட் பண்றீங்களேய்யா” என்று திட்டிவிட்டுப் போனார். அண்ணன் சிரித்துக்கொண்டார்.

அப்புறம் சால்வை, சான்றிதழ், கொஞ்சம் பணம். சந்தோஷம்தான். ஆனால் பக்கத்து பீட்டில் இன்னொருவர் இருந்தார். அதே சுத்தியல், அதே நடை, ஒரு கிளிப்பைக்கூட நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர் இல்லை. அவர் பீட்டில் கடைசிவரை ஒன்றும் உடையவே இல்லை. அப்படியே ரிட்டயர் ஆனார். இவர் வீரர், அவர் வெறும் கீமேன் என்று பிரித்தது எது? ஒரு வெல்டு இந்தப் பக்கம் விட்டது, அந்தப் பக்கம் விடவில்லை. அதில் அவருடைய கைவேலைக்குப் பங்கு இருந்ததா என்று எந்த ரிக்கார்டும் சொல்லாது.

ரூலைப் பிடித்துக்கொண்டு நடப்பவனெல்லாம் வீரனா என்று கேட்கலாம். ரூலை மீறியவர் கதையும் எங்கள் துறையிலேயே உண்டு. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, விஷவாயு பரவிக்கொண்டிருந்த போபாலில், துணை நிலைய மேலாளர் குலாம் தஸ்தகீர் பிளாட்பாரத்தில் நின்ற கோரக்பூர் வண்டியை நேரத்துக்கு முன்பே அனுப்பினார். அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்த மற்ற வண்டிகளைத் தள்ளியே நிறுத்தச் சொல்லி அக்கம்பக்க ஸ்டேஷன்களுக்குத் தகவல் கொடுத்தார். நேரத்துக்கு முன் வண்டியை விடுவது எங்கள் வேலையில் எவ்வளவு பெரிய குற்றம் என்பது வெளியாட்களுக்குப் புரியாது. அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். மூச்சில் ஏறிய நஞ்சு அவரைக் கடைசிவரை விடவில்லை. 2003இல் காலமானார்.

தைரியம் அந்த நிமிஷத்தில் எங்கிருந்தோ வந்து இறங்கும் என்று சொல்வதை நான் நம்புவதில்லை. எந்த ரூல் எதற்காக இருக்கிறது என்பது வருஷக்கணக்கில் கைக்குப் பழகியிருந்தால்தான், எதை மீறலாம் என்று குழப்பத்துக்கு நடுவிலும் புரியும். சும்மா துணிச்சல் மட்டும் உள்ளவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களை பீட்டில் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

அந்தப் பக்கத்து பீட்காரர் ரிட்டயர் ஆவதற்குமுன் அவருக்கும் ஒரு விருது கேட்டு எழுதினேன். மேலிடத்தில் நல்லவிதமாகத்தான் கேட்டார்கள், “சம்பவம் என்னன்னு போடலையேப்பா.” ஒன்றும் நடக்கவில்லை சார், அதற்காகத்தான் கேட்கிறேன் என்றேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. பிரிவுபசாரத்தில் நாங்களே காசு போட்டு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தோம்.