கம்யூனிட்டி மெடிசின் புராஜெக்ட்: ஜூனியர்கள் கவனத்துக்கு

மருத்துவக் கல்லூரியில் எங்கள் குழுவின் கம்யூனிட்டி மெடிசின் (சமூக மருத்துவம்) புராஜெக்ட் ஒருவழியாக முடிந்தது. பைண்டிங் போட்டு, எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கையெழுத்தும் வாங்கியாயிற்று. அடுத்து இறங்கப்போகிற ஜூனியர்கள் நாங்கள் அலைந்த அலைச்சலைத் திரும்ப அலையக் கூடாது. அதற்காகவே சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

தலைப்பு எளிமையானதுதான். காவிரி டெல்டாவில் ஒரு கிராமம். 30 வயதுக்கு மேற்பட்டவர்களில் எத்தனை பேருக்கு உயர் ரத்த அழுத்தம், அவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும், எத்தனை பேர் மாத்திரை சாப்பிடுகிறார்கள், எத்தனை பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது? 'ரூல் ஆஃப் ஹாவ்ஸ்' என்று படித்திருப்பீர்கள். பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களில் பாதிப் பேர் சிகிச்சையில் இல்லை, சிகிச்சையில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குக் கட்டுப்பாடு இல்லை. அது இந்த ஊருக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

சாம்பிள் சைஸ், அதாவது எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்ற கணக்கு, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பாதிப்பு 30 சதவீதம், அனுமதிக்கும் பிழை 5 சதவீதம் என்று வைத்து 4பி.க்யூ. சூத்திரத்தில் (4 × 30 × 70-ஐ 5-ன் வர்க்கமான 25-ஆல் வகுப்பது) போட்டால் 336 வரும். வீடு பூட்டியிருப்பவர்கள், மறுப்பவர்களுக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தலைவலி, ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி அலுவலகத்தில் ஆரம்பித்தது. கமிட்டி உறுப்பினர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை, அவர்கள் கேட்டது எல்லாம் நியாயமான கேள்விகள். ஃபைல் அவர்கள் மேஜைக்குப் போவதற்கு முன்னால் ஒரு கிளார்க்கைத் தாண்ட வேண்டும். முதலில் பக்க எண் இல்லை என்று திருப்பினார். போட்டுக்கொண்டு போனால், ஒவ்வொரு பக்கத்திலும் கைடின் (எங்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்) கையெழுத்து வேண்டும் என்றார். அதையும் வாங்கிக்கொண்டு போனால், தமிழ் ஒப்புதல் படிவத்துக்கு மொழிபெயர்ப்புச் சான்று எங்கே என்றார். மூன்றையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம். "எல்லாத்தையும் நானே சொல்லிட்டிருந்தா என் வேலையை யாரு பார்ப்பா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார். அதற்குள் அந்த மாதக் கூட்டம் முடிந்துவிட்டது. அடுத்த கூட்டம் வரை சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: போன வருடம் அனுமதி வாங்கிய சீனியர் யாரிடமாவது முழு ஃபைலையும் ஜெராக்ஸ் வாங்கி, அதே வரிசையில் தாள்களை அடுக்குங்கள். தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தமிழில் தனித்தனியாக இருக்கட்டும். கைநாட்டு வைப்பவர்களுக்காக சாட்சிக் கையெழுத்துக்கு இடம் விடுங்கள். எங்கள் முதல் வரைவில் தமிழ் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. 'தன்னார்வப் பங்கேற்பு' என்று இருந்ததை 'உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் கலந்துகொள்ளலாம், வேண்டாம் என்றாலும் ஆஸ்பத்திரியில் பார்ப்பது நிற்காது' என்று மாற்றினோம். கமிட்டியில் இருந்த வக்கீல் மேடம் அந்த ஒரு வரியைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். அலைந்ததற்கு அது ஒரு ஆறுதல்.

அடுத்தது மாவட்ட சுகாதார அலுவலக அனுமதி. கடிதத்தை நேராக அதிகாரியிடம் நீட்டாதீர்கள். தபால் செக்‌ஷனில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். எங்கள் கடிதம் எந்த மேஜைக்குப் போனதோ அங்கே உட்காருபவர் மெடிக்கல் லீவில் இருந்தார். அவர் வரும்வரை அது அங்கேயே கிடந்தது. சீல் வைத்த நகல் கையில் இருந்ததால்தான் 'இங்கே வரவே இல்லையே' என்ற பதிலுக்கு எங்களால் மறுபேச்சு பேச முடிந்தது. கடிதத்தின் கீழே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு நகல் என்று போட மறக்க வேண்டாம்.

பி.பி. கருவி வாங்க ஸ்டோருக்குப் போனால் இன்டென்ட் (பொருள் கேட்புத் தாள்) கேட்பார்கள், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெரிய கஃப் (கையில் சுற்றும் பட்டை) ஒன்றையும் அதே இன்டென்டில் எழுதி வாங்குங்கள். பருத்த கைக்கு சாதாரண கஃப் கட்டினால் அளவு உண்மையை விடக் கூடுதலாகக் காட்டும். எங்களுக்கு முதலில் பெரிய கஃப் தர மறுத்துவிட்டார்கள். கைடு போன் போட்ட பிறகுதான் பீரோ திறந்தது.

சரி, இனி கிராமம். இங்கேதான் பாடம் மொத்தமும் இருக்கிறது.

வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்காவிடம் குடும்பப் பதிவேடு இருக்கும். அதிலிருந்து ரேண்டமாக வீடுகளை எடுத்துவிட்டோம். காலை 9 மணிக்குக் கல்லூரி பஸ் கிளம்பும், மாலை 4 மணிக்குத் திரும்பும். அந்த நேரத்துக்குள் பார்த்தால் பாதித் தெரு பூட்டிக் கிடந்தது. பெண்களில் நிறையப் பேர் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆண்கள் வயலில், செங்கல் சூளையில், டவுனில் கட்டட வேலையில். வீட்டில் இருந்தவர்கள் வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், உடம்புக்கு முடியாதவர்கள். படிவங்கள் சேரச் சேர எங்கள் கைடு ஒருநாள் அவற்றை ஆண், பெண் என்று பிரித்து மேஜையில் அடுக்கினார். பெண்கள் அடுக்கு உயர்ந்து நின்றது. "இது கிராமத்தோட கணக்கு இல்ல, பகல்ல வீட்ல இருக்கறவங்களோட கணக்கு" என்றார்.

செலக்‌ஷன் பயஸ் (ஆட்களை எடுப்பதிலேயே வரும் சாய்வு) என்று பரீட்சைக்கு எழுதுகிறோமே, அது அந்த மேஜையில் கண்முன் இருந்தது. இரண்டு கணக்குகளைக் கெடுக்கும் பயஸ் இது. வயதானவர்கள் அதிகம் என்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்களின் விகிதம் கூடித் தெரியும். அதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய, வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலரும், வி.எச்.என். அக்காவும் பகலில் சந்திப்பதும் இதே வீட்டிலிருக்கும் ஆட்களைத்தான். அவர்களுக்கு ஏற்கெனவே பி.பி. பார்த்திருப்பார்கள், மாத்திரையும் வந்திருக்கும். அவர்களை மட்டும் எண்ணினால் 'தெரிந்தவர்கள்' சதவீதம் பிரமாதமாக வரும். அந்த ரிப்போர்ட்டைப் படிப்பவர் இந்த ஊருக்கு இனி எதுவும் தேவையில்லை என்று நினைத்துவிடலாம்.

ஆண்களைப் பிடிக்க மாலை 6 மணிக்கு மேல் போக வேண்டும். ஆனால் லேடீஸ் ஹாஸ்டல் கேட் ஆறரைக்கு மூடிவிடும். எங்கள் குழுவில் பெரும்பாலும் பெண்கள். வார்டன் முடியாது என்று சொல்லிவிட்டார். பாதுகாப்புக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு கிராமத்தில் யாருடைய ரத்த அழுத்தம் எண்ணப்படும் என்பதை ஒரு ஹாஸ்டல் கேட் முடிவு செய்கிறது என்றால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது? மனு எழுதி, துறை வழியாக டீன் ஆபீஸ் வரை போய், கடைசியில் டிபார்ட்மென்ட் வண்டி, உடன் ஒரு அசிஸ்டென்ட் புரொஃபசர், இரவு எட்டரைக்குள் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. ஞாயிறு காலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது குழுவே கை தட்டியது. இந்த அனுமதியை எத்திக்ஸ் கமிட்டிக்கு விண்ணப்பிக்கும்போதே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

மாலையில் பார்த்த ஆண்களில் நாற்பது வயதுக்காரர்கள் பலர், இதுவரை தங்கள் கையில் அந்தக் கஃப்பை யாரும் கட்டியதே இல்லை என்றார்கள். ஒருவர் வயலிலிருந்து அப்போதுதான் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் வெற்றிலை புகையிலை அடக்கியபடியே கையை நீட்டினார். மேலே 168, கீழே 102. புகையிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்து, சாய்ந்து உட்கார்ந்து, கால் இரண்டும் தரையில் படும்படி வைத்து, பேசாமல் இருக்கச் சொல்லி மறுபடி எடுத்தபோது 146, 92. இரண்டும் 140, 90-க்கு மேல்தான். ஆனாலும் முதல் அளவை மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தால் அவரை எவ்வளவு பயமுறுத்தியிருப்போம் என்று நினைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட ஓய்வு, அரை மணி நேரத்துக்குள் புகையிலை, காபி, டீ இல்லை, கை இதய மட்டத்தில், இரண்டு அளவுகள். அவசரத்தில் இதில் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

ஒருநாள் அளவை வைத்து யாரையும் நோயாளி என்று எழுதக் கூடாது என்பதற்கு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரு கணக்குக் கேட்பார்கள். 1000 பேரில் 100 பேருக்கு நோய், சென்சிட்டிவிட்டி (நோய் உள்ளவரை டெஸ்ட் சரியாகப் பிடிப்பது) 90 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி (நோய் இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்வது) 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பாசிட்டிவ் 90, தவறான பாசிட்டிவும் 90. அதாவது பாசிட்டிவ் என்று சொல்லப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு நோயே இல்லை. அதே டெஸ்ட், 1000-ல் 300 பேருக்கு நோய் உள்ள ஊரில் 270 சரி, 70 தவறு, கிட்டத்தட்ட 79 சதவீதம் சரியாக இருக்கும். டெஸ்ட் மாறவில்லை, ஊர்தான் மாறியது. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் பிரிடிக்டிவ் வேல்யூ (பாசிட்டிவ் வந்தவர்களில் உண்மையிலேயே எத்தனை பேருக்கு நோய்) கேள்வி எப்படி வந்தாலும் சமாளிக்கலாம்.

இன்னொரு வீட்டில் ஒரு அம்மா, பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே அம்லோடிபின் (ரத்த அழுத்த மாத்திரை) பட்டைகள், பல மாதத்துக்கானவை, பாதிக்கு மேல் பிரிக்காதவை. "கிறுகிறுன்னு வந்தா மட்டும் ஒண்ணு போட்டுக்குவேன் பாப்பா, தினமும் சாப்பிட்டா பழகிடுமாமே" என்றார். மாத்திரை வாசல் வரை வந்திருக்கிறது, வயிற்றுக்குள் போகவில்லை. எங்கள் படிவத்தில் 'சிகிச்சை பெறுகிறாரா: ஆம் / இல்லை' என்று இரண்டே கட்டங்கள். கமிட்டியிடம் திருத்த அனுமதி வாங்கி, 'கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் சாப்பிட்டீர்கள்' என்று ஒரு கேள்வி சேர்த்தோம். அந்த ஒரு கேள்வி இல்லாமல் போயிருந்தால் எங்கள் ரிப்போர்ட்டின் பாதி அர்த்தம் போயிருக்கும். டின்னைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள்.

என்னை அதிகம் வருத்திய விஷயம் வேறு. அளவு கூடுதலாக இருந்தவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். திண்ணையில் பார்த்த அந்த அண்ணன் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அங்கே, மிஷின் ரிப்பேர், இன்னொரு நாள் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். அவர் திரும்பப் போகவில்லை. ஏன் போவார்? 1968-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் எழுதிய ஸ்கிரீனிங் (நோயை முன்கூட்டியே தேடிப் பிடிக்கும் பரிசோதனை) விதிகளை நாம் வரிசையாக மனப்பாடம் செய்கிறோம். நோயை உறுதி செய்யவும் சிகிச்சை தரவும் வசதி இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அதன் அருமை அந்த அண்ணனின் போன கூலியில்தான் எனக்கு உறைத்தது. பிறகு வி.எச்.என். அக்காவே முன்வந்து, தொற்றா நோய்ப் பிரிவு நர்சிடம் பேசி, ஒரு குறிப்பிட்ட நாளை எங்கள் சீட்டோடு வருபவர்களுக்கு ஒதுக்க வைத்தார். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பெயர்ப் பட்டியலில் டிக் போட்டார். அந்த அண்ணன் மறுபடியும் போனார், உறுதியானது, மாத்திரையும் ஆரம்பித்தார். புராஜெக்ட்டில் எனக்குப் பிடித்த டிக் அது. உங்கள் முதல் படிவத்தை நிரப்புவதற்கு முன்பே இந்த நாளை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

டேட்டா என்ட்ரி, அட்டவணை, கை ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை எல்லாம் வழக்கம் போலத்தான்.

பிரசன்டேஷனில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், நீங்கள் செய்தது எந்த நிலைத் தடுப்பு என்று கேட்டார். இரண்டாம் நிலை, அதாவது நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்புவது, என்றோம். விடவில்லை. முதல் நிலை எங்கே, மூன்றாம் நிலை எங்கே, அதற்கும் முந்தைய பிரைமார்டியல் எங்கே என்று அதே கிராமத்திலிருந்து உதாரணம் கேட்டார். பக்கவாதம் வந்து படுத்திருந்த தாத்தாவுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுத்தது மூன்றாம் நிலை. கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று உப்பு எங்கெங்கே ஏறுகிறது என்று வீட்டில் உட்கார்ந்து பேசி, நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே கொண்டுவரச் சொன்னது முதல் நிலை. பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பெட்டிக்கடையில் புகையிலைப் பொட்டலமே தொங்காமல் பார்த்துக்கொள்வது பிரைமார்டியல், ஆபத்துக் காரணியே முளைக்க விடாதது. அப்படியே நோய்ப்பரவல் ஆய்வாளர் ஜெஃப்ரி ரோஸுக்குப் போனார். மிக அதிக அழுத்தம் உள்ள சிலரைவிட, கொஞ்சம் கூடுதலாக உள்ள பலரிடமிருந்துதான் மொத்தப் பக்கவாதங்களில் பெரும்பகுதி வரும் என்பது அவர் வாதம். ஊர் முழுக்க உப்பு கொஞ்சம் குறைந்தால் தனி ஆளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஊருக்குத் தெரியும். 146, 92 என்று வந்த அண்ணனைப் போன்றவர்கள் எங்கள் பட்டியலில் எத்தனை பேர் என்று காட்டினேன். எக்ஸாமினர் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

இன்னொன்று. ரிப்போர்ட்டில் ஒரு நகலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொடுத்துவிடுங்கள். முழு புத்தகமும் வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே பக்கம் போதும்: எந்தத் தெருவில் எத்தனை பேருக்குப் புதிதாகத் தெரிந்தது, எத்தனை பேர் மாத்திரையை விட்டுவிட்டார்கள், பகலில் ஆள் கிடைக்காத வீடுகள் எந்தப் பகுதியில் அதிகம். தனி ஆட்களின் பெயர் அந்தப் பக்கத்தில் வரக் கூடாது. நாங்கள் கொடுத்த பக்கத்தைப் பார்த்துவிட்டு மருத்துவ அலுவலர், அடுத்த முகாமை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கலாமா என்று வி.எச்.என். அக்காவிடம் கேட்டிருக்கிறார். தேதி இன்னும் முடிவாகவில்லை. இந்த வருடம் அதே கிராமம் கிடைக்கிற குழு அக்காவிடம் முதல் வேலையாக அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.