ஊசுட்டேரியில் தலை எண்ணும்போது

பறவை பார்க்கச் சங்கம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வெறுமனே பார்ப்பதற்குச் சங்கம் வேண்டியதில்லை. ஆனால் பத்துப் பேர் பத்து ஏரியில் எண்ணியதை ஒப்பிட வேண்டுமென்றால், எல்லோரும் ஒரே முறையில் எண்ணியிருக்க வேண்டும். அந்த முறையைக் கட்டிக்காப்பதுதான் நீர்ப்பறவைச் சங்கங்களின் முதல் வேலை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரிதோறும் நடப்பதும் அதனால்தான்.

ஊசுட்டேரி சுமார் 800 ஹெக்டேர். ஏறத்தாழ பாதி புதுச்சேரியில், மீதி விழுப்புரம் மாவட்டத்தில். எல்லைக்கோடு நமக்குத்தான், நாமக்கோழிக்கு இல்லை. இரு பக்கமும் வெவ்வேறு நாளில் எண்ணினால் ஒரே கூட்டம் இரண்டு தாளிலும் ஏறிவிடும். ஒரே காலையில், ஒரே நேரத்தில் தொடங்கி, நடுவில் எந்த மரம்வரை யாருடைய பங்கு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். எண்ணும்போது ஒரு கூட்டம் எழுந்து அடுத்தவர் பக்கம் போனால், நேரத்தையும் திசையையும் குறித்துவிட்டுக் கைபேசியில் சொல்லிவிட வேண்டும்.

வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, காலையில் கிழக்குக் கரை. ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பது வரை நல்ல நேரம். அதற்குமேல் நீர்மேல் கானல் ஆடும், தொலைநோக்கியில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகு வாத்தும் ஒன்றாகிவிடும். கூழைக்கடாவை முதலில் முடித்துவிடுங்கள். வெயில் ஏறியதும் அது வெப்பக்காற்றைப் பிடித்து வட்டமடித்துக் கிளம்பிவிடும்.

பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்துப் பறவையை எண்ணி, அந்த அளவைக் கண்ணில் பதித்து, நூறு எவ்வளவு பரப்பு என்று பார்த்து, பிறகு நூறு நூறாக நகர வேண்டும். பழகாத கண் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். கூட்டம் நெருங்க நெருங்கப் பிழையும் கூடும். ஒரு படம் எடுத்துவைத்து வீட்டில் எண்ணிப் பார்த்தால் உங்கள் கண்ணின் குறை தெரியும். முக்குளிப்பான் நீருக்குள் போய் வேறிடத்தில் எழும். அதற்கு ஒரே பரப்பை இரண்டு மூன்று தடவை பார்த்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்வது வழக்கம். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தால் ஏரியே எழுந்துவிடும். அப்போது எண்ண முயலாதீர்கள், இறங்கும்வரை பொறுங்கள்.

தொலைவில் உள்ள நீர்க்காகம் எந்த வகை என்று தெரியாவிட்டால் 'நீர்க்காகம், வகை தெரியவில்லை' என்று எழுதுவதே சரி. ஊகித்த பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

எண்ணை வாசிப்பதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த ஆண்டில் ஊசுட்டேரியில் பறவை குறைந்தால் உடனே 'அழிவு' என்று செய்தி போடுகிறார்கள். பாகூர் ஏரி, பெருமாள் ஏரி, வீராணம், வயற்காட்டுக் குட்டை எல்லாம் நிறைந்திருந்தால் பறவை பரவிப்போகும். ஏரி நிரம்பினால் உள்ளான்களுக்குக் கால் ஊன்றச் சேறு கிடையாது. தண்ணீர் வற்றத் தொடங்கியபின் அதே உள்ளான்கள் ஒரே சேற்றில் குவியும். நீர்மட்டம் குறிக்காத எண்ணை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. கடலூர் உப்பனாற்றங்கரையில் இதற்குப் பதில் கடல் ஏற்றமா வற்றமா என்று குறிக்க வேண்டும். ஏற்றத்தில்தான் கரைப்பறவைகள் ஓய்விடத்தில் நெருங்கி நிற்கும்.

இந்த அலுப்பான குறிப்புகளுக்கு மதிப்பு இருக்கிறது. ராம்சார் என்பது ஈரநிலங்களைக் காக்கும் உலக உடன்படிக்கை. ஓர் ஏரியை அதன் பட்டியலில் சேர்ப்பதற்கான விதிகளில் ஒன்று 20,000 நீர்ப்பறவைகள் வழக்கமாகத் தங்குவதைக் கேட்கிறது. இன்னொன்று ஓர் இனத்தின் மொத்தத்தில் 1 விழுக்காட்டைக் கேட்கிறது. இரண்டுக்கும் ஓர் ஆண்டின் எண் போதாது.

கடைசியாக, பறவையே இல்லாத குளத்துத் தாளையும் அனுப்புங்கள். சென்று பார்த்து இல்லையென்றால் பூஜ்யம் எழுதுங்கள். போகவே இல்லையென்றால் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். இரண்டையும் குழப்பிய தாளை, எண்ணியவர் யாரென்று தேடிப்பிடித்துக் கேட்டால்தான் சரிசெய்ய முடியும். அதற்குள் அவர் ஊர் மாறியிருப்பார்.