ஒன்பதாவது கேள்வி

முதுநிலை உளவியல் மாணவர்களின் ஆய்வுகளுக்கு வழிகாட்டுவது என் வேலை. தலைப்பு முடிவாகும் முன்பே பலர் கையில், மனச்சோர்வின் அளவைப் பார்க்கும் பி.எச்.கியூ-9 வினாத்தாள் இருக்கும். கட்டணம் கிடையாது, சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். ராபர்ட் ஸ்பிட்சர் உள்ளிட்ட மூவர் 2001-இல் எழுதிய கட்டுரைக்குப் பின் உலகம் முழுக்கப் பரவியது அது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லவே இல்லை) முதல் 3 (கிட்டத்தட்ட தினமும்) வரை மதிப்பெண், அதிகபட்சம் 27.

மாணவர்கள் கூட்டுத்தொகையைப் பார்ப்பார்கள். நான் ஒன்பதாவது கேள்வியைப் பார்ப்பேன். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது அது. "இதற்கு ஒருவர் 3 போட்டால் யார் பார்ப்பீர்கள், எப்போது பார்ப்பீர்கள்?" எத்தனை பேரிடம் கேட்பது என்ற மாதிரி அளவு, வினாத்தாளின் நம்பகத்தன்மையைக் காட்டும் ஆல்ஃபா மதிப்பு எல்லாம் அப்புறம்தான்.

"பேரே வாங்கலையே மேடம், யாருன்னு தெரியாதே" என்றாள் ஒரு மாணவி. கூகுள் படிவத்தைப் பலருக்கும் அனுப்பிவிட்டு, எல்லோரும் நிரப்பி முடித்த பிறகு மொத்தமாக இறக்கிக்கொள்வது அவள் திட்டம். முதல் வாரமே ஒருவர் அந்த 3-ஐப் போட்டிருந்தால், கடைசி வாரம் வரை அது எக்செல் கட்டம் ஒன்றில் சும்மா கிடக்கும். இதைச் சொன்னதும் அவள் நோட்டை மூடிவிட்டாள். பிறகு உட்கார்ந்து பேசினோம்.

பெயர் வாங்காமலே செய்யலாம். அப்படியானால் உதவி எண்ணும் ஆலோசகர் விவரமும் படிவத்தின் முடிவில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அல்லது குறியீட்டு எண் கொடுத்து, தொடர்பு விவரத்தைத் தனியாகப் பூட்டி வைத்து, பதில்களைத் தினமும் பார்க்கலாம். எந்தச் சூழலில் ரகசியம் காக்க முடியாது என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும். அந்தக் கேள்வியே இல்லாத பி.எச்.கியூ-8-உம் உண்டு, ஆய்வுக்கு அது தேவைப்படவில்லையென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கேட்டாலே எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயந்து அந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. கேட்பதால் தற்கொலை எண்ணம் கூடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. கேட்டுவிட்டுப் படிக்காமல் வைத்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அவள் குறியீட்டு எண் முறையைத் தேர்ந்தெடுத்தாள். தினமும் கவனித்துக்கொள்ள முடிகிற அளவுக்கு மாதிரியைக் குறைத்தோம். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

இன்னொன்றையும் ஒவ்வொரு ஆண்டும் திருத்துகிறேன். 10 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களை 'மனச்சோர்வு நோயாளிகள்' என்று எழுதிவிடுகிறார்கள். அது சல்லடை மட்டுமே. நோய் இருக்கிறதா என்பதை நேரில் மதிப்பிடும் நிபுணர் சொல்ல வேண்டும்.

தரவு சேகரிக்கப் போகும் முன் ஓர் ஒத்திகை வைப்பேன். அந்த 3-ஐப் போட்ட பங்கேற்பாளர் நான், மாணவர் எனக்குப் போன் செய்ய வேண்டும். பெரும்பாலும் முதலில் வருவது, "ஏன் இப்படி நினைக்கிறீங்க?" மறுமுனையில் இருப்பவருக்கு அது அதட்டல் மாதிரி இருக்கும். மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்து, "ஒன்பதாவது கேள்விக்கு நீங்க போட்ட பதிலைப் பார்த்தேன். அதைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?" என்பதில் வந்து நிற்போம். அதற்கு மேல் அறிவுரை வேண்டாம், சிகிச்சை மாணவர்கள் வேலை அல்ல. இப்போது பாதுகாப்பாக இருக்கிறாரா, பக்கத்தில் யார் இருக்கிறார் என்று கேட்டு, உடனே மருத்துவ உளவியலாளரிடம் சேர்த்துவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அவசர உதவியைத்தான் முதலில் அழைக்க வேண்டும். அப்புறம் எனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன், எந்த நேரமானாலும்.