மலையில் ஓடிய காருக்கு என்ன விலை?

மலையகத்து ஹட்டனில், பழைய கார் விற்கிற ஒரு கார் சேலில் பல வருடம் விற்பனைப் பக்கம் இருந்தேன். வாகனம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விதான் கேட்பார்கள்: எந்த வருடம், மீட்டரில் எவ்வளவு, கடைசி விலை என்ன? மூன்றும் கேட்க வேண்டியவைதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் நியாயமான விலைக்கு வந்து சேர முடியாது.

வருடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த விட்ஸ், அக்வா மாதிரியான கார்களுக்கு இரண்டு வருடம் உண்டு. ஒன்று உற்பத்தியான வருடம், மற்றது இலங்கையில் முதலில் பதிவான வருடம். நம்பர் தகட்டின் எழுத்தைப் பார்த்து ‘புது நம்பர்’ என்று மகிழ்கிறவர் பதிவைத்தான் பார்க்கிறார். சி.ஆர். புத்தகத்தில், அதாவது வாகனப் பதிவுப் புத்தகத்தில், இரண்டுமே இருக்கின்றன. காரின் வயது உற்பத்தி வருடத்திலிருந்துதான் தொடங்குகிறது. விலையையும் அதை வைத்துத்தான் பேச வேண்டும்.

மீட்டரைக் குறைக்க முடியும் என்பது ஊருக்கே தெரியும். பிரேக் மிதியின் ரப்பர், ஸ்டியரிங்கின் வழவழப்பு, டிரைவர் சீட்டின் ஓரம் இவற்றையும் சேர்த்துப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். மீட்டர் 28,000 கிலோமீட்டர் காட்டுகிற 2015 காரில் நான்கு டயரும் 2021இல் செய்தவையாக இருந்தால், பழைய டயர்கள் அவ்வளவு சீக்கிரம் எப்படித் தேய்ந்தன என்று கேட்கத்தான் வேண்டும்.

மலையில் ஓடும் காருக்கு 40,000 கிலோமீட்டர் என்பது சமதரையின் 40,000 அல்ல. ஏற்றத்தில் நிறுத்தி நிறுத்தி எடுப்பதில் கிளச் தேய்கிறது, இறக்கத்தில் பிரேக் தேய்கிறது. தேயிலைத் தோட்டத்துக்குள், தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரைக்கும் போகிற கல் ரோட்டில் சொக் (அதிர்வு தாங்கி), பால் ஜொயின்ட் (சக்கரத்தைப் பிடிக்கும் மூட்டு) எல்லாம் ஆட்டம் காண்கின்றன. அதனால்தான் நம் ஆட்கள் ‘கொழும்பில் ஓடிய காரா?’ என்று ஆசையாகக் கேட்பார்கள். ஆனால் கடலோரத்தில் நின்ற காரின் அடிப்பக்கத்தை உப்புக்காற்று தின்றிருக்கும். கராஜில் தூக்கிப் பார்க்காமல் இரண்டில் எது நல்லது என்று சொல்ல முடியாது.

ஓட்டிப் பார்ப்பதற்கு டவுனில் ஒரு சுற்று போதாது. வருவதற்கு முன்பே, எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வெள்ளைப் புகை வரும், அதற்குப் பயப்பட வேண்டாம், அது நீராவி. எஞ்சின் சூடான பிறகும் அது நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால்தான், எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டதோ என்ற கவலை. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது. அப்புறம் வட்டவளைப் பக்கம் இறங்கி, திரும்பி ஏறுங்கள், காருக்குள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு. இறங்கும்போது பிரேக் அதிர்கிறதா, ஏறும்போது கிளச் வழுக்குகிறதா, வெப்பம் கூடுகிறதா என்று அந்த ஒரு பயணத்திலேயே தெரிந்துவிடும். ஹைபிரிட் (பெட்ரோலோடு பேட்டரியிலும் ஓடும் கார்) என்றால் பேட்டரியை ஸ்கேனர் போட்டு, பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டும். அந்தப் பேட்டரி ஒன்று போனாலே பேரம் பேசிக் குறைத்த காசு முழுவதும் போய்விடும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் பேரம். ‘ஒரு லட்சம் குறைங்க’ என்று வெறும் தொகையைச் சொன்னால் விற்பவருக்கு மறுப்பது சுலபம். ஒரு காருக்கு 40 லட்சம் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே வருடம், அதே வகைக் கார்கள் கண்டியிலும் நுவரெலியாவிலும் என்ன விலைக்குக் கைமாறின என்று முதலில் விசாரியுங்கள். விளம்பரத்தில் போட்ட விலை வேறு, முடிந்த விலை வேறு. பிறகு டயர், சொக், பிரேக் டிஸ்க் என்று உடனே மாற்ற வேண்டியவற்றுக்குக் கராஜில் ஒரு கணக்கு வாங்குங்கள். அது 2 லட்சத்து 20 ஆயிரம் என்றால், அந்தத் தாளை மேசையில் வையுங்கள். விற்பனைக்காரனாக மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் சொல்கிறேன், அப்படி வந்தவர்களிடம் நாங்களும் ஒழுங்காகவே பேசினோம்.

இன்னொன்றையும் கேளுங்கள்: வாகனம் சேலுக்குச் சொந்தமா, யாரோ விற்றுத் தரச் சொல்லி நிறுத்தியதா? நிறுத்திய வாகனம் என்றால் உரிமையாளரைக் கேட்காமல் எங்களால் பெரிதாகக் குறைக்க முடியாது. சொந்தமாக வாங்கி, மாதக் கணக்கில் வட்டி ஏறிக்கொண்டு நிற்கிற காரென்றால் இடம் இருக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது இந்தக் கணக்கெல்லாம் தடுமாறியது. சில வருடம் ஓட்டிய கார் வாங்கிய விலையை விடக் கூடுதலாகப் போனது. அந்தக் காலத்தில் நாங்கள் சொன்ன விலைகள் சந்தை விலைதான், பொய்யில்லை. ஆனால் அவை காரின் தரத்துக்கான விலை அல்ல, வேறு கார் இல்லை என்பதற்கான விலை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கியதும் பழைய கார்கள் பாதி விலைக்கு வரும் என்று பலர் காத்திருந்தார்கள். 2020 தொடக்கத்தில் 180 ரூபா அளவில் இருந்த டொலர் 2025இல் 300 ரூபா அளவில் இருந்தது, அதன் மேல் வரியும் உண்டு. இதை வைத்துப் பார்த்தால் அந்த எதிர்பார்ப்புக்கு இடமே இல்லை.

தோட்டத்துக் குடும்பங்கள் வரும்போது எனக்கு மனம் வேறு மாதிரி இருக்கும். கொழுந்து பறித்து 50 வயதில் ஓய்வுபெற்ற அம்மாவின் சேமலாப நிதிப் பணம், மகன் ஹயர் (வாடகைக்கு) ஓட்டப்போகிற ஆல்ட்டோ காராக மாறும். மகன் பாட்டுப் பெட்டியையும் அலோய் வீலையும் பார்ப்பான், அம்மா பின்சீட்டில் பையை இறுக்கிக்கொண்டு பேசாமல் இருப்பார். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் ஒரு லட்சம் என்பது தோட்டத்துப் பேச்சில் ‘100 பேர்’, அதாவது மழையிலும் அட்டைக்கடியிலும் நூறு நாள் மலைக்குப் போன உழைப்பு. ‘ஒரு லட்சம்தானே அம்மா’ என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொல்கிற விற்பனைக்காரர்களை எனக்குப் பிடிப்பதும் இல்லை. வாகனத்தின் குறைகளை நானே முதலில் சொல்லிவிடுவேன். அதனால் சில வியாபாரம் கை நழுவியது, சரி. அதே குடும்பங்கள் பிறகு சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்ததும் உண்டு.

லீசிங் (தவணைக் கடன்) வந்தால் இன்னும் கவனம் தேவை. ‘மாதம் எவ்வளவு கட்ட முடியும் தம்பி?’ என்று யாராவது கேட்டால், அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். மாதத் தவணையை வைத்துப் பேசத் தொடங்கினால் காரின் விலை கண்ணிலிருந்து மறைந்துவிடும். 25 லட்சத்துக்கு மாதம் 68,000 என்பது கட்டக்கூடியதாகத் தெரியலாம். 60 மாதத்தால் பெருக்கினால் 40 லட்சத்து 80 ஆயிரம். முதலில் காரின் விலையை முடித்து எழுதி வாங்குங்கள். அதன் பிறகு இரண்டு மூன்று நிறுவனங்களில் தவணையைக் கேட்டு ஒப்பிடுங்கள். வருமானம் ஹயரை நம்பியது என்றால், மழைக்காலத்தில் ஹயர் குறையும் மாதத்திலும் அந்தத் தவணை வரும் என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

விலை முடிந்த சந்தோஷத்தில் பலர் பேப்பர் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். சி.ஆர். புத்தகத்தில் இருக்கிற எஞ்சின் நம்பரும் சேசி நம்பரும் வாகனத்தில் இருப்பவையோடு பொருந்த வேண்டும். முழு உரிமையாளர் என்று ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், அந்தக் கடன் தீர்ந்ததற்கான கடிதம் இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். ‘ஓபன் பேப்பரில் (பெயர் மாற்றாமல்) வாங்கினால் மாற்றுகிற செலவு மிச்சம், விலையிலும் கழிக்கலாம்’ என்று சொல்வார்கள். அந்தக் கழிவை ஏற்காதீர்கள். உங்கள் பெயருக்கு மாற்றுகிற செலவையும் விலையோடு சேர்த்து, யார் கட்டுவது என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.