அப்பாவின் மீட்புப் பணி ஆல்பம்

ஒரு வாரமாக ராத்திரி உட்கார்ந்து, அப்பா மீட்புப் பணிக்குப் போன இடங்களின் படங்களையெல்லாம் டிஜிட்டல் ஆல்பமாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வந்தவை. சாதாரணமாக அனுப்பினால் படம் எடுத்த தேதியும் இடமும் கழன்றுவிடும் என்பது தெரியாமல் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கிறேன் (டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கும்). சரி, இப்போது அவருடைய பாக்கெட் நோட்டை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, அதைப் பார்த்துத்தான் தேதி போடுகிறேன். ஒரு பக்கத்தில் சேறு படிந்த கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கிறது, அதை எடிட் செய்து அழிக்க மனசு வரவில்லை.

ஒரு படத்தில், இடிந்த வீட்டுச் சுவரில் ஸ்பிரே பெயிண்டில் பெரிய பெருக்கல் குறி. என்னப்பா இது என்றேன். இடது பக்கம் எந்தக் குழு, மேலே தேதியும் நேரமும், வலது பக்கம் உள்ளே என்ன ஆபத்து, எல்லா நாட்டிலும் இதே குறி கிடையாது என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தவர், கீழ்ப் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டார். அங்கே ஒரு எண் இருந்தது. நானும் கேட்கவில்லை.

காப்பாற்றப்பட்டவர்களின் முகங்களை மங்கலாக்கிவிட்டேன். அப்பா இருக்கிற படம் மொத்தமே மூன்றுதான், அதிலும் ஒன்றில் முதுகு.